முப்பத்தாறாவது ஆள்

செப்டம்பர் 3

இன்று ஒன்றும் நடக்கவில்லை. ஏதாவது நடந்தால்தான் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன, எழுதுகிறேன்.

மத்தியானம் மழை. லேபில் கரண்ட் இல்லை. ஜன்னலோரமாக மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் ஒட்டகமும் கம்பிகளை அளந்தோம். எங்கள் பள்ளியில் இயற்பியல் ஒலிம்பியாடுக்குப் படிக்கிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஒட்டகம் என்பது நான் வைத்த பெயர். உயரமும் உண்டு, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டும் இருப்பாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பென்சில். பதிலுக்கு அவள் எனக்கு வைத்தது வாத்தி. வாயைத் திறந்தால் பாடம் நடத்துகிறேனாம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், இந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி.

லேபில் இருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ கேஜ். கம்பியின் தடிமனை அளக்கிற கருவி. அதன் வாயை முழுக்க மூடினால் பூஜ்யம் காட்ட வேண்டும். எங்களுடையது அதற்கு நாலு கோடு பின்னால், நூறில் தொண்ணூற்றாறு காட்டும். எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ கீழே போட்டிருக்கிறான். அதனால் எதை அளந்தாலும் நாலு கோடு குறைத்தே சொல்லும். நாம் நாலைக் கூட்டிக்கொள்ள வேண்டும், அதாவது 0.04 மில்லிமீட்டர். புத்தகத்தில் இதற்குச் சுழிப்பிழை என்று பெயர். இயற்பியல் டீச்சர் வருஷா வருஷம் புதியது கேட்டு எழுதிக் கொடுக்கிறார். ஹெச்.எம். வருஷா வருஷம் ஒரே பதில் சொல்கிறார்: "அதான் வேலை செய்யுதே, நாலு கூட்டிக்கங்க."

இரண்டு வருஷமாகக் கூட்டுகிறேன். இப்போதெல்லாம் கூட்டுவதே தெரிவதில்லை, கண் பார்க்கும்போதே கூட்டிவிடுகிறது. நான் பிடித்து அளந்து எண்ணைச் சொல்வேன், ஒட்டகம் எழுதுவாள். அவள் கையில் கேஜைக் கொடுத்தால் இன்னொரு தடவை கீழே விழும்.

செப்டம்பர் 8

தலைவலி. சுழல் இயக்கத்தில் மூன்று கணக்கு போட்டேன். இரண்டு தப்பு.

செப்டம்பர் 19

எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறிவிட்டோம்.

ஒட்டகம் தேறியது அவளுக்கே ஆச்சரியம். "பாதியில தூங்கிட்டேன்டி" என்கிறாள். நம்பலாம். கணக்கு அவளுக்கு எங்கிருந்தோ வந்துவிடும், எப்படி வந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். நான் மூன்று பக்கம் போட்டுப் போய்ச் சேருகிற இடத்தில் அவள் எனக்கு முன்பே வந்து நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எரிச்சலாக வரும். இத்தனைக்கும் அவள் இதில் சேர்ந்ததே நான் இழுத்துக்கொண்டு போனதால்தான். இரண்டு பேராவது இருந்தால்தான் வகுப்பு எடுப்பேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அடுத்தது செய்முறைத் தேர்வு. எழுபது பேர் எழுதுவோம். அதில் முப்பத்தைந்து பேரைப் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள்.

சாயங்காலம் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சொன்னேன். அங்கே வீணாய்ப் போகிற தாள்களின் பின்பக்கம்தான் என் கணக்கெல்லாம். முன்பக்கம் யாருடைய வாடகை ஒப்பந்தமோ, பின்பக்கம் என் கோண உந்தம். மிஷினுக்குள் சிக்கிய தாளை உருவிக்கொண்டே கேட்டார்: "முகாமுக்குப் போனா என்ன கிடைக்கும்?"

"முப்பத்தஞ்சு பேர்ப்பா. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இதையே பேசிக்கிட்டிருப்பாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவருக்குப் புரிந்திருக்காது. கோப்பை, சான்றிதழ் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு வேண்டியது உண்மையிலேயே அவ்வளவுதான். இங்கே நான் ஒரு விஷயத்தை ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் எதிரே இருப்பவர் கண்ணில் தூக்கம் வந்துவிடுகிறது. ஒட்டகம் கேட்பாள், ஆனால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். குழாயில் சொட்டும் தண்ணீர் ஏன் உருண்டையாகிறது என்று கேட்டால் மறுகேள்வி கேட்கிற ஒரு ஆள் வேண்டும். அப்படி முப்பத்துநாலு பேர் ஒரே கட்டடத்தில். 

அக்டோபர் 4

கம்பிப் பயிற்சி. இன்று ஒட்டகம் திடீரென்று கேட்டாள்: "எதுக்குடி நாலு கூட்டுற?"

இரண்டு வருஷம் கழித்துக் கேட்கிறாள். "கூட்டணும். நீ எழுது" என்றேன். எழுதினாள்.

அக்டோபர் 13

தேர்வு நடந்த கல்லூரியின் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டீச்சர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருக்கிறார், ஒட்டகம் பிஸ்கட்டோடு போராடிக்கொண்டிருக்கிறாள்.

நன்றாகச் செய்தேன். தற்பெருமை இல்லை, உண்மை. ஆளுக்கு ஒரு மேசை. பளபளவென்று கருவிகள், எங்கள் லேபைப் பார்த்த கண்ணுக்கு நகைக்கடை மாதிரி இருந்தது. ஒரு கம்பி. அதன் மின்தடை, நீளம், தடிமன் மூன்றையும் அளந்து, அது எந்த உலோகக் கலவை என்று கொடுத்திருக்கிற ஐந்தில் கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்து மேசைப் பையன் கேஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அளந்தே முடித்துவிட்டேன். இரண்டு வருஷப் பழக்கம் சும்மாவா. விடை பட்டியலில் மூன்றாவது கலவைக்குக் கிட்டத்தட்ட அப்படியே வந்து உட்கார்ந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். வெளியே வரும்போது சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதே நாள், பஸ்ஸில்

0.31. கம்பியின் தடிமன் 0.31 மில்லிமீட்டர் என்கிறாள் ஒட்டகம்.

எனக்கு 0.35.

எல்லோருக்கும் ஒரே சுருளிலிருந்து வெட்டிய கம்பி. டீச்சர்தான் சொன்னார்.

"நீ சுழிப்பிழை எவ்வளவு போட்ட?" என்று கேட்டேன். "பூஜ்யம். மூடிப் பார்க்கச் சொல்லி தாள்ல போட்டிருந்துச்சு. மூடினேன், பூஜ்யம் காட்டுச்சு. ஏன், தப்பா?"

நான் மூடிப் பார்க்கவில்லை. புத்தம் புதுக் கேஜ். விடைத்தாளில் அதற்கான கட்டத்தில் 0.04 என்று என் கை பாட்டுக்கு எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. எழுதும்போது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பேனா தானாகப் போயிற்று.

ஐயோ.

அக்டோபர் 14

என்ன பொண்ணு நான். என்ன வாத்தி. ஒரே ஒரு தடவை மூடிப் பாத்திருந்தா? ரெண்டு திருகு. அவ்வளவுதானே? முதல் பாடத்துல முதல் வரி அது, சின்னப் பசங்ககூட செய்யும். ஒட்டகம் செஞ்சிருக்கா. வாழ்க்கையில முதல்தடவ கேஜைப் பிடிச்சவ சரியா அளந்திருக்கா, ஏன்னா அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சு தெரிஞ்சுதான் கோட்டை விட்டேன்.

தடிமன் ஒன்று தப்பினால் பிறகு எல்லாம் தப்பு. கணக்கில் அது இரண்டு தடவை பெருக்கப்படுகிறது. வந்திருக்க வேண்டியது பட்டியலில் இரண்டாவது கலவை. மூன்றாவதுக்கு ஏன்தான் அவ்வளவு பக்கத்தில் போய் விழுந்ததோ. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் சந்தேகமாவது வந்திருக்கும்.

டீச்சரிடம் சொல்லவில்லை. அப்பா "எப்படிப் போச்சு" என்றார். பரவாயில்லை என்றேன்.

அக்டோபர் 22

அம்மா பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை செய்கிறாள். வருகிற நோயாளிகளிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறாள் போல. இன்று காலையில் ரோட்டில் ஒரு மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே நிறுத்தி, "நீதானேம்மா அந்த ஒலிம்பிக் பொண்ணு?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவரே வலியில் இருக்கிறார், அவரிடம் போய் என்ன திருத்துவது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "இனிமே யார்கிட்டயும் சொல்லாத."  அம்மா எனக்குத் தட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பாவம் அவள்.

அக்டோபர் 29

முடிவு வந்துவிட்டது. ஒட்டகம் முப்பத்தொன்று. நான் முப்பத்தாறு.

முப்பத்தாறு. அறுபது வந்திருந்தால் அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். எழுத்துத் தேர்வு மதிப்பெண் தூக்கிப்பிடித்து வாசல்படி வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஒட்டகத்துக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை. "தப்பா போட்டிருப்பாங்கடி, உன் நம்பரையும் என் நம்பரையும் மாத்திட்டாங்க" என்றாள். மாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். "வாழ்த்துகள்" என்றேன். அவளிடம் அப்படி ஒரு சொல்லை நான் இதுவரை சொன்னதே இல்லை.

அக்டோபர் 30

பள்ளிக்குப் போகவில்லை.

நவம்பர் 2

டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள் நான்தானாம். முகாமுக்கு வர முடியாது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பதினைந்தாம் தேதிவரை. அதற்கு மேல் பட்டியலை மூடிவிடுவார்கள். கொடுத்திருப்பது அம்மாவின் போன் நம்பர்.

"முப்பத்தஞ்சு பேர்ல ஒருத்தர் வராம போறது சகஜம்தான்" என்றார். பிறகு, "என்னாச்சு உனக்கு, செய்முறைல நீதானே..." என்று ஆரம்பித்தார். நாலு கூட்டிவிட்டேன் டீச்சர் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அத குப்பையில போட்டிருக்கணும்" என்றார். எதை என்று கேட்கவில்லை.

அப்போதிலிருந்து முன்பின் தெரியாத முப்பத்துநாலு பேருக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய காய்ச்சல் இல்லை. பத்து நாள் படுத்தால் போதும். எவ்வளவு நல்ல பெண் நான்.

நவம்பர் 6

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஒட்டகம் வழிமறித்தாள். இந்தச் சில நாட்களாக நான்தான் வேறு வழியாகப் போய்க்கொண்டிருந்தேன்.

"வாத்தி, நான் வேணா எழுதிக் குடுத்துடவா?"

"என்னன்னு?"

"வரலன்னு. நீதானே அடுத்த ஆளு."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சாப்பாட்டில் பிடிக்காததை எடுத்து என் தட்டில் போடுவாளே, அதே குரல். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ.

"உன் மிச்சத்த எனக்குப் போடறியா?"

"அப்படி இல்லடி..."

"எனக்கு வேணாம். முகாமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எனக்கு அது சலிச்சுப் போச்சு. நீ ஜெயிச்ச, நீ போ."

"நெஜமாவா?"

"நெஜமா. நீ எழுதிக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, ஜென்மத்துக்கும் உங்கிட்ட பேச மாட்டேன்."

வாயிலிருந்த பென்சிலை எடுத்துப் பையில் போட்டாள். பிறகு சரி என்றாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து வந்தேன். தெரு முனைவரை நிமிர்ந்தே வந்தேன்.

நவம்பர் 7

ஏன் அப்படிச் சொன்னேன்? யார் சொல்லச் சொன்னார்கள்?

முன்பின் தெரியாதவன் காய்ச்சலில் விழுந்து விட்டுப்போகிற இடம் எனக்கு இனிக்குமாம். என் தோழி கையில் வைத்து நீட்டுகிற இடம் மட்டும் கசக்குமாம். இது என்ன நியாயம் என்று எனக்கே விளங்கவில்லை. அவளைவிட நான் கெட்டிக்காரி என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது, பெஞ்சு பிடித்த நாளிலிருந்து. அது அடிவாங்கிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் வீராப்பு.

நாளைக்குச் சொல்லிவிடலாம். "அன்னைக்குக் கோவத்துல சொன்னேன்" என்று ஒரு வரி. ஒட்டகம் கணக்குப் பார்க்கிற ஆள் இல்லை.

நவம்பர் 8

சொல்லவில்லை.

நவம்பர் 12

இன்று சொல்லியே தீருவது என்று அவள் வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. யாரிடமோ இரவல் வாங்கியது, கைப்பிடியில் இன்னும் அவர்களுடைய விமானப் பயண லேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. ஒட்டகத்தின் அம்மா தரையில் உட்கார்ந்து துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். புதிதாக ஒரு ஸ்வெட்டர். அதை விரித்துக் காட்டினார். "கை எட்டுமா பாரும்மா இவளுக்கு, எதுவுமே எட்டறதில்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதான் இவள இதுல சேத்துவிட்ட. இல்லன்னா இவ எங்க போயிருப்பா? நீ நல்லா இருக்கணும்."

 டீ கொடுத்தார், குடித்தேன். ஒட்டகம் வாசல்வரை வந்தாள்.

"ஏதாவது சொல்ல வந்தியா?"

"இல்ல, சும்மாதான். வெப்ப இயக்கவியல் படிச்சுட்டுப் போ, அதுல நீ மட்டம்."

"ம்" என்றாள். அவளும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து அவள் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

நவம்பர் 15

ஞாயிறு. அம்மாவின் போனை வாங்கி என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். குளிக்கப் போனபோதுகூட ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன்.

வந்த அழைப்புகள்: ஒருவருக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. ஒரு அம்மாளுக்குக் கட்டிய பல் சாப்பாட்டோடு போய்விட்டது, இப்போது என்ன செய்வது என்று என்னைக் கேட்டார். பெரியம்மா. தப்பு நம்பர். திரும்பவும் கடைவாய்ப் பல்.

அப்பா ஒருமுறை எட்டிப் பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கும்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகத்தில் யார் உட்கார்ந்திருக்கப்போகிறார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் இருட்டும்வரை போனைக் கையிலிருந்து விடவில்லை.

நவம்பர் 16

பட்டியலை மூடிவிட்டார்கள்.

ஒருவிதத்தில் நிம்மதி. இனி யாருக்கும் காய்ச்சல் வர வேண்டாம்.

நவம்பர் 20

வேதியியல் வீட்டுப்பாடம் முடித்தேன். ஜெராக்ஸ் கடைத் தாள்களை அப்பாவிடம் வாங்கிக்கொள்ளவில்லை. கடை மேசைமேல் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது.

நவம்பர் 24

காலை வழிபாட்டில் ஒட்டகத்தை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நம் பள்ளிக்குப் பெருமை, வசதிகள் குறைவாக இருந்தும் உழைப்பால், இன்னும் என்னென்னவோ ஹெச்.எம். பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

மேடையில் ஒட்டகம் கூனிக்கொண்டு நின்றாள். எதையும் மெல்லவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன்.

நாளைக் காலை அவளுக்கு முகாமுக்குப் பஸ். சாயங்காலமே அங்கே வகுப்பு தொடங்கிவிடும்.

நவம்பர் 25

இரண்டாவது பீரியடில் ஒட்டகம் வகுப்புக்கு வந்தாள்.

யூனிஃபார்மில், தலை ஈரமாக, தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பஸ் ரத்தாகிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தேன். வரலாறு வகுப்பு. வாயைத் திறக்க முடியவில்லை. மணி அடித்ததும் கேட்டேன்.

"போகலடி. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். அப்பா டிக்கெட் எடுக்கப் போனாரு. எனக்குப் பயமாயிடுச்சு. அங்க எல்லாரும் உன்ன மாதிரியே இருப்பாங்க. எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லுவேன்? வீட்டுக்குப் போலாம்பான்னுட்டேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. நீதான் பேச மாட்டேன்ன. அதுக்காகத்தான் போறதாவே இருந்தேன்."

இடைவேளையில் டீச்சர் இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போய் முகாமுக்குப் போன் போட்டார். தவிர்க்க முடியாத காரணம் என்றார், மாற்று ஆள் தயாராக இருக்கிறாள் என்றார், இன்றைக்கே பஸ் ஏற்றிவிடுகிறேன் என்றார். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் பேசியிருக்க வேண்டும், டீச்சர் பலமுறை நன்றி சொன்னார். "பதினஞ்சோட முடிஞ்சுதாம்" என்றார் எங்களிடம். "முப்பத்துநாலு பேர வச்சு ஆரம்பிக்கிறாங்களாம்." பிறகு ஒட்டகத்தைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு எங்களை வகுப்புக்குப் போகச் சொன்னார்.

படிக்கட்டில் இறங்கும்போது ஒட்டகம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

"உனக்குத்தான் வேணாம்னு சொன்னியே. எனக்கும் வேணாம். யாருக்கும் நஷ்டமில்லல்ல?"

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்கு அதெல்லாம் வராது. சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நான் சொன்னதை அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். இத்தனை நாளும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அந்தப் படிக்கட்டில் நின்று, வேண்டும், எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது என்று சொல்லியிருந்தாலும் ஒரு பயனும் இருந்திருக்காது. ஆனால் ஒருத்திக்காவது தெரிந்திருக்கும். 

"இல்லடி," என்றேன். "யாருக்கும் நஷ்டமில்ல."